பன்னிரண்டு பேருக்கும் சொல்லிக்கொடுங்கள், சார்

பள்ளி மைதானங்களில் விசிலோடு நிற்கும் எல்லா பி.டி. சார்களுக்கும் பி.டி. மிஸ்களுக்கும், அவர்களுக்கு மேலே இருக்கும் தலைமை ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

போன வாரம் குறுவட்டப் போட்டி முடிந்து என் மகள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள், பள்ளி வாலிபால் டீமில் இரண்டு வருடமாக இருக்கிறாள். ஜெர்சியைக் கழற்றிக் கொடியில் போட்டாள். ஊற வைக்கலாம் என்று நான் எடுத்தபோது, "துவைக்க வேணாம்மா, வியர்வையே படலை, அப்படியே மடிச்சு ஸ்கூல்ல கொடுத்துடலாம்" என்றாள். கோபமாகவோ அழுதுகொண்டோ சொல்லியிருந்தால் நான் சமாதானம் சொல்லியிருப்பேன். அவள் சும்மா, மழை வராது குடை வேண்டாம் என்பதுபோலச் சொன்னாள். இரண்டு வருடத்தில் அவளுக்கு அது பழகிப்போயிருக்கிறது. அந்தப் பழக்கம்தான் என்னை இந்த மடலை எழுத வைத்தது.

அன்றைக்கு மூன்று ஆட்டம். நானும் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். முதல் ஆட்டத்தில் எதிரே வந்தது ஒரு சின்ன ஊர்ப் பள்ளி, பாவம், அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ஷூ கூட இல்லை. முதல் செட்டில் நம் பிள்ளைகள் 22-க்கு 9 என்று முன்னால் இருந்தார்கள். அப்போதும் வெளியே உட்கார்ந்திருந்த ஆறு பேரில் ஒருவர்கூட உள்ளே போகவில்லை. இரண்டாவது செட்டும் அதே ஆறு பேர். வெளியே இருந்தவர்கள் தண்ணீர் பாட்டில் நிரப்பினார்கள், கை தட்டினார்கள், வெளியே போன பந்தை ஓடி எடுத்து வந்தார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மகளை மேட்சில் இறக்கியே ஆக வேண்டும் என்று கேட்டு நான் வரவில்லை. அவள் அந்த ஆறு பேர் அளவுக்கு ஆடுவதில்லை, எனக்குத் தெரியும், நானும் பள்ளியில் வாலிபால் ஆடியவள்தான். அவள் கையைத் தூக்கிப் போடும் சர்வீஸ் பத்தில் ஆறு நெட்டில் விழுகிறது. என் கேள்வி வேறு. இரண்டு வருடமாகக் காலையில் 6 மணிக்கு மைதானத்துக்கு வரும் ஒரு பிள்ளைக்கு, ஏன் நெட்டில் விழுகிறது என்று ஒருவர்கூட ஏன் இதுவரை சொல்லவில்லை?

நான் பார்த்தேன். எங்கள் தெருவில், மாலையில், மூன்றே நாள். பந்தைப் போடும்போது தலைக்குப் பின்னால் போடுகிறாள். அதனால் உடம்பு பின்னால் சாய்கிறது, கை மேலிருந்து முன்னால் வராமல் கீழிருந்து தள்ளுகிறது. இடது காலை முன்னால் வை, பந்தை வலது தோளுக்கு நேரே, கொஞ்சம் முன்னால் போடு, ரொம்ப உயரம் வேண்டாம், உள்ளங்கையின் அடிப்பகுதியால் அடி, மணிக்கட்டைத் தளர விடாதே. அவ்வளவுதான் சொன்னேன். மூன்றாம் நாள் பத்தில் ஏழு தாண்டியது. நான் ஒன்றும் பயிற்சியாளர் இல்லை சார். பி.பி.எட்., எம்.பி.எட். என்று உடற்கல்வியையே படித்தது நீங்கள். இதை என்னைவிட நூறு மடங்கு நன்றாகச் சொல்லத் தெரிந்தவர் நீங்கள். அதனால்தான் மனசு ஆறவில்லை.

கணக்கு வாத்தியார் வகுப்பில் நாற்பது பேர் இருக்கிறார்கள் என்றால், நன்றாகப் போடும் எட்டுப் பேருக்கு மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு மற்றவர்களைக் கை தட்டச் சொன்னால் ஊர் சும்மா இருக்குமா? இருக்காது, ஏனென்றால் அவரிடம் தேர்ச்சி விழுக்காடு கேட்கிறோம். கடைசி பெஞ்சுப் பையன் பாஸா இல்லையா என்பது அவர் கணக்கில் வருகிறது. உங்களிடம் யாரும் அதைக் கேட்பதில்லை. கோப்பை வந்ததா, மாவட்டத்துக்குப் போனோமா, பேப்பரில் போட்டோ வந்ததா, இதைத்தான் கேட்கிறார்கள். கேட்பதைத்தானே யாரும் கொடுப்பார்கள். அதனால் தப்பு முழுக்க உங்களுடையது என்று சொல்ல மாட்டேன். தலைமை ஆசிரியர்களே, உங்கள் அறையில் கண்ணாடி அலமாரிக்குள் இருக்கும் கோப்பைகளைப் பற்றி விருந்தாளிகளிடம் சொல்லும்போது, இந்த வருடம் புதிதாக எத்தனை பிள்ளைகள் விளையாடக் கற்றுக்கொண்டார்கள் என்று உங்கள் பி.டி. ஆசிரியரிடம் ஒரு தடவையாவது கேட்டதுண்டா?

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியர். காலையில் பிரேயர், லேட்டாக வருபவர்களை நிறுத்தி வைப்பது, தலைமுடி வெட்டாதவனைப் பிடிப்பது, ஆண்டு விழா என்றால் கூட்டத்தைக் கட்டுப்படுத்துவது, எல்லாம் உங்கள் தலையில். பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் விளையாட்டுப் பீரியடே டைம் டேபிளில் மட்டும்தான் இருக்கிறது, மற்றப் பாட ஆசிரியர்கள் "போர்ஷன் முடிக்கணும் சார், இன்னைக்கு ஒருநாள்" என்று வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். தையல் பிரிந்த இரண்டு பந்து. மழை வந்தால் குளமாகும் மைதானம். சொந்தக் காசில் நெட் வாங்கிய ஆசிரியர்களை எனக்குத் தெரியும், போட்டிக்கு அழைத்துப் போன இடத்தில் தன் பணத்தில் பிள்ளைகளுக்குப் பரோட்டா வாங்கிக்கொடுத்தவர்களையும் தெரியும். அப்படிப்பட்டவர்களை இந்த மடல் புண்படுத்தக் கூடாது.

ஆனால் இருக்கிற அந்த ஒரு மணி நேரம் யாருக்குப் போகிறது என்பதுதான் பேச்சு. அதற்குப் புதுப் பந்தும் வேண்டாம், அரசாணையும் வேண்டாம்.

என் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். 90-களின் நடுவில் நான் ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் படித்தேன். அப்போது சர்வீஸ் நம் கையில் இருந்தால்தான் பாயிண்ட், 15-க்கு ஆட்டம், பின்வரிசையில் பந்து எடுப்பதற்கென்றே நிற்கும் லிபரோ என்ற பெயரே எங்களுக்குத் தெரியாது. நான் எக்ஸ்ட்ரா பிளேயர். எக்ஸ்ட்ரா என்றால் நெட் கட்டுவது, கோட்டுக்குச் சுண்ணாம்புப் பொடி போடுவது, ஆட்டம் முடிந்து நெட்டைச் சுருட்டுவது. எங்கள் சார் கெட்டவர் இல்லை, ஆனால் அவருக்குத் தெரிந்த ஒரே மருந்து ரவுண்ட். சர்வீஸ் நெட்டில் விழுந்தால் மைதானத்தை இரண்டு ரவுண்ட், பாஸ் விட்டால் இரண்டு ரவுண்ட். ஓடி முடித்து மூச்சு வாங்க வந்து நின்று, அடுத்த சர்வீஸையும் அதே மாதிரிதான் போடுவோம், ஏனென்றால் எது தப்பு என்று ஓட்டம் சொல்லாதே. இரண்டு வருடத்தில் எனக்கு ஓடுவதே பிடிக்காமல் போனது, பந்து என் பக்கம் வரக் கூடாது என்று சாமியைக் கும்பிட ஆரம்பித்தேன்.

அப்புறம் ஒரு அக்கா வந்தார். பி.பி.எட். படித்துக்கொண்டிருந்தவர், டீச்சிங் பிராக்டிஸுக்காக எங்கள் பள்ளிக்குச் சில வாரம் வந்திருந்தார். முதல் நாளே எங்கள் எல்லோரையும், எக்ஸ்ட்ரா உட்பட, இரண்டு இரண்டு பேராக நிற்க வைத்தார். பந்து போதாது என்றதும், பள்ளியின் பின்சுவரில் கரிக்கட்டையால் வட்டம் வரைந்து, பந்து இல்லாதவர்கள் ரப்பர் பந்தை வைத்து அதில் அடியுங்கள் என்றார். ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தார். அதில் எங்கள் ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு பக்கம். இன்று எத்தனை பாஸ் கீழே விழாமல் தொடர்ந்து எடுத்தாள், எது தப்பு, நாளைக்கு என்ன பார்க்க வேண்டும் என்று எழுதுவார். என் பக்கத்தில் முதல் வாரம் எழுதியிருந்தது: "முட்டியை மடக்காமல் கையை மட்டும் ஆட்டுகிறாள்." என்னைப் பற்றி ஒருவர் அவ்வளவு கூர்ந்து பார்த்து எழுதியிருக்கிறார் என்பதே எனக்கு அதிசயமாக இருந்தது, அந்த வரியை வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். ஐந்தாவது வாரம் நான் தொடர்ந்து 31 பாஸ் எடுத்தேன். அந்த எண் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, என் பத்தாம் வகுப்பு மார்க்கே சரியாக ஞாபகம் இல்லை. அந்த அக்கா போனபிறகும் நான் ஆடுவதை நிறுத்தவில்லை. கல்யாணம் ஆகும்வரை ஆடினேன், இப்போது மகளுக்குத் தெருவில் சொல்லிக்கொடுக்கிறேன் என்றால் அது அந்த நாற்பது பக்க நோட்டிலிருந்து வந்தது.

இதை எழுதும்போது மாரியப்பன் தங்கவேலுதான் நினைவுக்கு வருகிறார். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி. ஐந்து வயதில் வலது காலில் பஸ் ஏறி, முழங்காலுக்குக் கீழே நசுங்கிப் போன பையன். அவரிடம் திறமை இருக்கிறது என்று பார்த்து, உயரம் தாண்டச் சொன்னது பள்ளி உடற்கல்வி ஆசிரியர். 14 வயதில், ஊனமில்லாத பிள்ளைகளோடு தாண்டி இரண்டாவதாக வந்தார். பிறகு வேறு பயிற்சியாளர் கையில் வளர்ந்து 2016-ல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024-ல் பாரிஸில் வெண்கலம். ரியோவும் பாரிஸும் எல்லோருக்கும் தெரியும். நான் யோசிப்பது அந்தப் பள்ளி மைதானத்தின் ஒரு சாதாரண நாளை. ஒரு கால் சரியில்லாத பையனை ஓரமாக உட்காரச் சொல்வது அந்த ஆசிரியருக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்! யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். டீமுக்கு அவனால் என்ன பிரயோஜனம் என்று அவர் கணக்குப் பார்த்திருந்தால் அந்தப் பெயரே நமக்குத் தெரிந்திருக்காது.

ஆளைத் தேர்ந்தெடுக்கும் விதமும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. ஆறாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் வரிசையில் நிற்க வைத்து உயரமானவர்களை எடுக்கிறீர்கள். பெண் பிள்ளைகள் பெரும்பாலும் 11, 12 வயதில் சரசரவென்று வளர்ந்து 15, 16-ல் நின்றுவிடுகிறார்கள். பையன்கள் 13, 14-ல்தான் நெடுநெடுவென்று வளர்கிறார்கள், சிலருக்கு அதற்கும் மேல் ஒன்றிரண்டு வருடம் ஆகிறது. அதனால் 12 வயதில் குட்டையாக இருக்கிறான் என்று நீங்கள் அனுப்பிவிட்ட பையன் பன்னிரண்டாம் வகுப்பில் உங்களைவிட உயரமாக நிற்பான், ஆனால் அதற்குள் அவன் விளையாட்டையே விட்டிருப்பான். உயரம் என்று எடுத்த பெண்ணுக்கு வேறு மாதிரி அநியாயம் நடக்கிறது. அவளை நெட் ஓரம் நிறுத்தி, தடு, அடி, அவ்வளவுதான். வரும் பந்தை இரண்டு கையையும் சேர்த்துக் கீழிருந்து எடுக்கும் அண்டர் ஹேண்ட் பாஸ் சொல்லிக்கொடுப்பதே இல்லை. மற்றவர்கள் உயரத்தில் அவளை எட்டிப் பிடித்ததும், கல்லூரியில் கோச் "ரிசீவ் பண்ணத் தெரியலையேம்மா" என்கிறார். வாலிபாலில் சுற்று வருவது எதற்காக? முன்னால் நிற்பவர் பின்னால் போக வேண்டும், பின்னால் நிற்பவர் முன்னால் வர வேண்டும், எல்லோரும் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று அந்த ஆட்டமே சொல்லி வைத்திருக்கிறது. உயரம் குறைந்தவர்களும் பந்து எடுப்பதில் கெட்டிக்காரர்களாக ஆடட்டும் என்றுதான் 1998-ல் லிபரோவைக் கொண்டுவந்தார்கள். ஒரு செட்டில் ஆறு ஆள் மாற்றம் செய்ய விதியில் இடம் இருக்கிறது. 22-க்கு 9-ல் அதில் ஒன்றைக்கூட எடுக்க மனசு வரவில்லை.

பயம் எனக்குப் புரிகிறது. இப்போது தவறும் ஒவ்வொரு சர்வீஸும் எதிர் டீமுக்கு ஒரு பாயிண்ட். ஒரு பிள்ளை பதறி மூன்று பந்து விட்டால் ஆட்டமே திரும்பலாம். சரி, இறுதி ஆட்டத்தில் வேண்டாம். இருபதுக்கு மேல் போய்விட்ட செட்டில், ஞாயிற்றுக்கிழமை நட்பு ஆட்டத்தில், பள்ளிக்குள்ளேயே இரண்டு டீம் பிரித்து ஆடும்போது இறக்கலாம் இல்லையா? பதற்றம் போவதற்கு வேறு வழியே கிடையாது, ஆடித்தான் போக வேண்டும்.

தனியார் பள்ளிகளில் இருக்கும் பயிற்சியாளர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். கோவில்பட்டியில் ஹாக்கி இருக்கிறது, வடுவூரில் கபடி இருக்கிறது, அந்த ஊர்களில் பெரியவர்கள் ஆடுவதைப் பார்த்துப் பார்த்து, அண்ணன்மார் சொல்லிக்கொடுத்துப் பிள்ளைகள் வளர்கிறார்கள். அப்படி எங்கோ ஒரு ஊர் மைதானத்திலோ அரசுப் பள்ளியிலோ நன்றாக ஆடத் தொடங்கிய பிள்ளையை எட்டாம் வகுப்பில் வந்து பார்த்து, ஃபீஸ் கிடையாது, ஹாஸ்டல் இலவசம், ஷூ வாங்கித் தருகிறோம் என்று அழைத்துப் போகிறீர்கள். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அது நல்ல வாய்ப்பு, நான் தடுக்க மாட்டேன், என் பிள்ளைக்கு வந்தாலும் யோசிப்பேன். ஆனால் அந்தப் பிள்ளை உங்களிடம் வந்த நாலு வருடத்தில் நீங்கள் என்ன சேர்த்தீர்கள்? வந்தபோது தெரியாத எதைத் தெரிந்துகொண்டு வெளியே போகிறாள்? உங்கள் பள்ளியிலேயே ஒன்றாம் வகுப்பிலிருந்து ஃபீஸ் கட்டிப் படிக்கும் பிள்ளைகளில் ஒருவரையாவது டீமுக்குக் கொண்டுவந்திருக்கிறீர்களா?

இன்னொன்று, உடம்பு. ஆட்டத்தைவிட எனக்கு இதுதான் பெரிய கவலை. முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் "சும்மா நடிக்காத" என்று விரட்டாதீர்கள். வளரும் வயதில் நிறையக் குதிக்கும் பிள்ளைகளுக்கு வருவது அது, ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று டாக்டர்கள் சொல்வார்கள், கொஞ்ச நாள் குதிப்பதைக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும், குறைக்காவிட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். முட்டிக்குள் இருக்கும் ஏ.சி.எல். தசைநார் கிழிவது பையன்களைவிடப் பெண் பிள்ளைகளுக்கு அதிகம், அதுவும் யாரும் மோதாமல், குதித்து இறங்கும்போதும் சட்டென்று திரும்பும்போதும்தான் பெரும்பாலும் கிழிகிறது. ஸ்மாஷ் சொல்லிக்கொடுக்கும்போதே இரண்டு காலில் இறங்கு, முட்டியை மடக்கி இறங்கு, முட்டி இரண்டும் உள்பக்கம் சாயக் கூடாது என்று சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். எப்படி எகிற வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், எப்படி இறங்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை.

தண்ணீர் குடித்தால் ஸ்டாமினா போய்விடும் என்று இன்னும் சில மைதானங்களில் சொல்கிறார்கள், தயவுசெய்து அதை விடுங்கள், மே மாத வெயிலில் அது ஆபத்து. சாப்பாடு பற்றியும் ஒரு வார்த்தை. காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆறரை மணிக்கு ஸ்மாஷ் அடித்துக்கொண்டிருக்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை வெறும் வரக்காப்பியோடு வந்திருப்பாள், அடுத்த சாப்பாடு மதியச் சத்துணவுதான். அவள் மயங்கி உட்கார்ந்தால் சோம்பேறி என்று நினைக்காதீர்கள், சாப்பிட்டாயா என்று கேளுங்கள். மாதவிடாய் நாளில் இன்று முடியாது என்று ஒரு சாரிடம் சொல்ல எந்தப் பிள்ளையும் கூசுவாள், அதனால் சொல்லாமலே ஒதுங்குவதற்கு ஒரு வழி வைத்துக் கொடுங்கள். வெளியூர்ப் போட்டிக்குப் பெண் பிள்ளைகளை அழைத்துப் போகும்போது கூட ஒரு ஆசிரியை கட்டாயம் வர வேண்டும். "ஆள் இல்லை" என்றால் அந்தப் போட்டிக்கே போக வேண்டாம். இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணம் கொஞ்சமும் இல்லை.

பெற்றோரையும் சும்மா விடக் கூடாது. கோட்டுக்கு வெளியே நின்று "அவளை ஏன் இறக்குறீங்க, தோத்துடுவோம்" என்று கத்தும் அப்பாக்களை அன்றைக்கும் பார்த்தேன். அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீடு 3 சதவீதம் இருக்கிறது, கல்லூரியில் இடம் கிடைக்கிறது, சர்டிபிகேட் வேண்டும், அந்த ஆசை நியாயம்தான். ஆனால் டீமில் இருக்கும் பன்னிரண்டு பேரில் எத்தனை பேர் அந்த ஒதுக்கீட்டில் போகப் போகிறார்கள்? மற்ற பிள்ளைகள் எதற்கு வருகிறார்கள்? விளையாட்டு பிடித்திருக்கிறது, அதற்காக வருகிறார்கள். அந்தப் பிடித்தம் பள்ளி முடியும்போதும் மிச்சம் இருக்க வேண்டும் என்பது உங்கள் பொறுப்பில் இருக்கிறது, சார்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு நோட்டு போடுங்கள், ஆளுக்கு ஒரு பக்கம். ஒரு மணி நேரத்தில் இருபது நிமிடம் வெளியே உட்காருபவர்களுக்கு என்று ஒதுக்குங்கள். நன்றாக ஆடும் பிள்ளையையே இன்னொரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள், இரண்டு பேருக்கும் நல்லது. டீமில் எடுக்கவில்லை என்றால், நோட்டீஸ் போர்டில் பெயர் இல்லாததைப் பார்த்து அவளாகத் தெரிந்துகொள்ளும்படி விடாமல், கூப்பிட்டு, "உனக்கு இது இது வரவில்லை, இதை இப்படிப் பழகு, மூன்று மாதம் கழித்துப் பார்க்கிறேன்" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்துப் பாருங்கள். அந்த இரண்டாவது வேலையைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

என் மகளின் பி.டி. சாரும் இதைப் படிக்கக்கூடும். சார், உங்கள்மீது எனக்குக் கோபம் இல்லை. ஐந்தரை மணிக்கே எழுந்து எங்கள் பிள்ளைகளுக்காக வருகிறீர்கள், அதற்கு நன்றி. நாளைக் காலையும் அவள் வருவாள், வரிசையில் கடைசிக்கு முந்தி நிற்பாள், தலையில் நீல ரிப்பன். சர்வீஸ் இப்போது தாண்டுகிறது, ஆனால் அவசரப்பட்டால் பந்தை மறுபடியும் கொஞ்சம் பின்னால் போடுகிறாள். நான் சொன்னால் அம்மா சொல்கிறாள் என்று விட்டுவிடுகிறாள். நீங்கள் ஒரு தடவை பக்கத்தில் நின்று பாருங்கள்.